சிங்கப்பூரில் செங்குத்தாக ஏறி இறங்கும் ட்ரோன்: ட்ரான்சிஷனிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பி, இறக்கையில் விமானம்போல் பறந்து, திரும்பி வந்து அதே இடத்தில் இறங்கும் ட்ரோனை வடிவமைக்கும்போது பலரும் இரண்டு கணக்குதான் போடுகிறார்கள். எவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்கும்? எவ்வளவு தூரம் பறக்கும்? இரண்டும் வேண்டியவையே. ஆனால் இந்த வகை ட்ரோனுக்கு மிகவும் ஆபத்தான நேரம், இரண்டுக்கும் நடுவே வரும் பத்துப் பதினைந்து வினாடிகள். அப்போது தூக்கும் நான்கு மோட்டாரும் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். முன்னே தள்ளும் மோட்டார் உச்சத்தில் ஓடும். இறக்கை பாதி எடையைக்கூட ஏற்றிருக்காது. பேட்டரியின் வோல்ட் சரியும். ட்ரான்சிஷன் என்று சொல்லப்படும் இந்தக் கட்டத்தைத் தாங்குமா என்று பார்த்துத்தான் இறக்கை, மோட்டார், கம்பி, பேட்டரி எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல், அதாவது 61 மீட்டருக்கு மேல், அனுமதி இல்லாமல் பறக்கக்கூடாது. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகிய விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி வேண்டும். மிச்சமிருக்கும் திடல்களும் சிறியவை. கோளாறு வந்தால் உயரத்தை இழந்து வேகத்தை மீட்கலாம் என்று மற்ற நாட்டுக் கையேடுகள் சொல்லும். நமக்கு இழக்க அவ்வளவு உயரம் கிடையாது.

எந்த வகை?

டெயில்சிட்டர் வாலில் நின்று எழும்பி அப்படியே சாயும். உறுப்புகள் குறைவு, எடை குறைவு. ஆனால் தரையில் நிற்கும்போதும் இறங்கும்போதும் முழு இறக்கையையும் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையே சுழன்று வரும் காற்றில் அது தள்ளாடும். டில்ட்ரோட்டரில் மோட்டாரே திரும்புவதால் சுமந்து செல்லும் வீண் எடை குறைவு. அதே சமயம், திருப்பும் சர்வோ (சிறு அசைவு மோட்டார்) ஒன்று சிக்கினாலும் ட்ரோன் போய்விடும். முதல் வடிவமைப்புக்கு நாங்கள் பரிந்துரைப்பது குவாட்பிளேன்: தூக்க நான்கு மோட்டார், தள்ள ஒன்று. பறக்கும்போது தூக்கும் மோட்டார்கள் சும்மா இருக்கும் எடைதான். ஆனால் இறக்கை ஸ்டால் ஆனால், அதாவது வேகம் குறைந்து தூக்கும் விசையை இழந்தால், உடனே விழித்துக்கொண்டு தாங்குபவையும் அவையே.

எடையை முதலில் எழுதி ஒட்டுங்கள்

250 கிராமுக்கு மேற்பட்ட எல்லா ட்ரோனையும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ பறப்பதானாலும் 1.5 கிலோவைத் தாண்டினால் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். 7 கிலோவைத் தாண்டினால் உரிமம், அனுமதி எல்லாமே வேறு நிலைக்குப் போய்விடும். 1.5 கிலோவுக்குள் குவாட்பிளேன் செய்ய முடியும் என்றாலும், கேமரா வைக்க இடம் மிஞ்சாது. ஆகவே இங்கே 3 கிலோவை எடுத்துக்கொள்வோம்.

இறக்கை, உடல், வால், பூம் (தூக்கும் மோட்டார்களைத் தாங்கும் நீள்குழாய்) எல்லாம் சேர்த்து 900 கிராம். தூக்கும் மோட்டார் நான்கும் 340, அவற்றின் ப்ரொப்பெல்லர் 60. ஐந்து ஈஎஸ்சியும் (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) 135. தள்ளும் மோட்டாரும் அதன் ப்ரொப்பெல்லரும் 160. பேட்டரி 700. சர்வோ நான்கு 80. ஃப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனை இயக்கும் சிறு கணினி), ஜிபிஎஸ், ஏர்ஸ்பீடு சென்சார் (காற்றுவேக அளவி), ரிசீவர், டெலிமெட்ரி (தரைக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ), ரிமோட் ஐடி கருவி (ட்ரோனின் அடையாளத்தை ஒலிபரப்புவது) 180. கம்பியும் கனெக்டரும் 150. கேமரா 250. கூட்டினால் 2,955 கிராம். முதல்முறை செய்பவர்கள் கம்பியையும் பசையையும் கணக்கில் விட்டுவிடுவது வழக்கம். ஒவ்வொரு பாகமும் வந்தவுடன் தராசில் வைத்து, எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் உண்மை எடையைக் குறியுங்கள். 3,200 கிராமைத் தாண்டினால் இறக்கையிலிருந்து கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

இறக்கை

32 டிகிரி வெயிலில் நம் ஈரக்காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோ. பாடப்புத்தகத்தின் 1.225ஐவிட 6 விழுக்காடு குறைவு. இதனால் ஸ்டால் வேகமும் ஹோவர் (அந்தரத்தில் நிற்றல்) மின்சக்தியும் 3 விழுக்காடு கூடும். பெரிய இழப்பில்லை, ஆனாலும் தொடக்கத்திலேயே சரியான எண்ணைப் போடுங்கள்.

இறக்கை நீளம் 1.6 மீட்டர், அகலம் 0.2 மீட்டர், பரப்பு 0.32 சதுர மீட்டர் என்று வைப்போம். உச்ச லிஃப்ட் எண் (இறக்கையின் தூக்கும் திறனைக் காட்டும் எண்) 1.2 என்றால், 3 கிலோவுக்கு ஸ்டால் வேகம் வினாடிக்கு 11.5 மீட்டர். பறக்கும் வேகத்தை அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 16 மீட்டர் என வையுங்கள். அந்த வேகத்தில் 35 டிகிரி சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் விட்டம் 75 மீட்டர். சாயும்போது ஸ்டால் வேகமும் 12.7 மீட்டராக ஏறும். ஒரு பந்துத் திடல் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம்தான். இன்னும் வேகமான, சின்ன இறக்கை வைத்த ட்ரோன் இங்கே திரும்பவே திணறும். தூரம் போவதற்காக இறக்கையைச் சுருக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

தூக்கும் மோட்டார்கள் எங்கே, எப்படி

நான்கு மோட்டாரின் நடுப்புள்ளியும் விமானத்தின் ஈர்ப்பு மையமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். 10 மில்லிமீட்டர் பிசகலாம், அதற்கு மேல் கூடாது. மோட்டார்கள் மையத்திலிருந்து முன்னும் பின்னும் 330 மில்லிமீட்டரில் இருக்கின்றன என்று கொள்வோம். மையம் 20 மில்லிமீட்டர் முன்னே தள்ளிப்போனால் முன் மோட்டார் ஒவ்வொன்றும் 795 கிராம் தூக்கும், பின் மோட்டார் 705 கிராம்தான் தூக்கும். அமைதியான காற்றில் ஒன்றும் தெரியாது. எதிர்க்காற்று மூக்கை அமுக்கும் அன்றைக்கு முன் மோட்டார்கள் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த 330 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மையம் இறக்கை அகலத்தின் 25 விழுக்காட்டில் இருக்கிறது. எனவே இறக்கையின் பின்விளிம்பு மையத்துக்கு 150 மில்லிமீட்டர் பின்னால். 12 அங்குல ப்ரொப்பெல்லரின் ஆரம் 152. அந்தத் தூரத்தை 300 என்று வைத்தால் ப்ரொப்பெல்லர் நுனி பின்விளிம்புக்கு மேலேயே வந்துவிடும். 330 வைத்தால் 28 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். முன்பக்கம் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே 128 மில்லிமீட்டர் இருக்கிறது. பின்னால் 11 அங்குல புஷர் (முன்னே தள்ளும் ப்ரொப்பெல்லர்) வைப்பதானால் இரண்டு பூம்களுக்கும் நடுவே குறைந்தது 640 மில்லிமீட்டர் விடுங்கள். இல்லாவிட்டால் புஷரும் தூக்கும் ப்ரொப்பெல்லரும் ஒன்றையொன்று வெட்டும்.

மோட்டார் ஒவ்வொன்றும் உச்சத்தில் 1.5 கிலோ தூக்க வேண்டும், மொத்தம் எடையைப்போல் இரு மடங்கு. 12 அங்குல ப்ரொப்பெல்லரில் ஹோவருக்குச் சுமார் 400 வாட் ஆகும். இறக்கையில் மோதி வீணாகும் காற்றையும் சேர்த்து 430 வாட் என்று வையுங்கள். 10 அங்குலத்தில் அதே எடைக்கு 490 வாட்டுக்கு மேல் போகும். மூன்று இதழ் ப்ரொப்பெல்லர் வேண்டாம். இரண்டு இதழ்தான் நின்றபின் காற்றின் திசையில் ஒடுங்கி நிற்கும்.

இனி, மிகக் குறைவாகப் பேசப்படும் ஒன்று: மூக்கை இடம் வலமாகத் திருப்பும் திறன். சாதாரண குவாட்காப்டர் ப்ரொப்பெல்லரின் எதிர்முறுக்கிலேயே திரும்பிவிடும். குவாட்பிளேனுக்கு 1.6 மீட்டர் இறக்கையும் நீண்ட வாலும் இருக்கின்றன. பக்கக் காற்று வாலைப் பிடித்துத் தள்ளும்போது எதிர்முறுக்கு போதாது. மருந்து எளிது. மோட்டார்களை 4 டிகிரி சாய்த்துப் பொருத்துங்கள். ட்ரோனை இயக்கும் மென்பொருளான ஆர்டுபைலட்டின் வழக்கமான எக்ஸ் அமைப்பில், அதாவது முன் வலதும் பின் இடதும் மேலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால், நான்கு மோட்டாரின் தலையும் வெளிப்பக்கமாகச் சாய வேண்டும். சுழற்சியை மாற்றி அமைத்திருந்தால் உட்பக்கம். தவறான பக்கம் சாய்த்தால் இருக்கும் கொஞ்சத் திறனும் அடிபட்டுப்போகும், ஆகவே காகிதத்தில் வரைந்து சரிபார்த்த பிறகே துளையிடுங்கள். 4 டிகிரியில் தூக்கும் விசை கால் விழுக்காடுகூடக் குறையாது. அதன் 7 விழுக்காடு பக்கவாட்டில் வேலை செய்யும். இந்த அளவு ட்ரோனில் திரும்பும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகும்.

பூம்கள் முறுக்குக்கு அசையக்கூடாது. 20 மில்லிமீட்டர் கார்பன் குழாய் போதும். ஆனால் வட்டக் குழாயில் மோட்டார் பிடிமானம் மெல்ல மெல்லச் சுழன்றுவிடும். குறுக்கே ஒரு ஊசி ஆணி போட்டுப் பூட்டுங்கள், அல்லது சதுரக் குழாய் வாங்குங்கள். பிடிமானங்களை முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிடாதீர்கள். அது 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை நாள் கிடந்தால் உங்கள் 4 டிகிரி என்னவாகும் என்று சொல்ல முடியாது. ஏஎஸ்ஏ நல்லது, கிடைக்காவிட்டால் பெட்ஜி.

தள்ளும் மோட்டார்

இங்கே நிலை உந்துவிசையை (நின்ற இடத்தில் தள்ளும் விசை) மட்டும் பார்த்து ஏமாறுவது சகஜம். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஓடும் 11க்கு 4 ப்ரொப்பெல்லர் (11 அங்குல விட்டம், 4 அங்குல பிட்ச்) மேசையில் நன்றாகவே தள்ளும். ஆனால் அதன் பிட்ச் வேகம், அதாவது அந்தச் சுழற்சியில் அது திருகிபோல் முன்னேறும் வேகம், வினாடிக்கு 13.5 மீட்டர்தான். ட்ரான்சிஷன் முடியத் தேவையான 14 மீட்டரை எட்டாமல் தூக்கும் மோட்டார்களை ஓடவிட்டபடியே பேட்டரியைத் தின்னும். 11க்கு 7 என்றால் பிட்ச் வேகம் 23.7 மீட்டர். அதைப் போடுங்கள். நிலையில் 1.2 கிலோ உந்துவிசை வேண்டும், சுமார் 400 வாட்.

இப்போது தூரம். வினாடிக்கு 1.5 மீட்டர் வீதம் வேகம் ஏறினால் 14 மீட்டரை எட்ட 9 வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் 65 மீட்டர் போயிருக்கும். ஆர்டுபைலட் அதன்பிறகு 5 வினாடி எடுத்துக்கொண்டு தூக்கும் மோட்டார்களை மெல்லக் குறைக்கும். அதில் இன்னும் 75 மீட்டர். மொத்தம் 140 மீட்டர் நேர்க்கோடு. திரும்பி வரும்போது, 2 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க 64 மீட்டர். பறக்கும் இடத்தின் வரைபடத்தில் இந்த இரண்டு கோடுகளையும் வரைந்து பாருங்கள். மரமோ விளக்குக் கம்பமோ குறுக்கே வந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது எதிர்க்காற்று உள்ள நேரத்தில் பறக்கவிடுங்கள். வினாடிக்கு 4 மீட்டர் எதிர்க்காற்று அந்த 140ஐ 85 மீட்டருக்குக் கிட்டத்தில் கொண்டுவரும்.

பேட்டரியும் கம்பியும்

6எஸ் (ஆறு செல் வரிசை) 5,000 மில்லிஆம்ப்-மணி லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) 111 வாட்மணி இருக்கிறது. 80 விழுக்காடுதான் எடுக்க வேண்டும், அதாவது 89. ஏறவும் இறங்கவும் மூன்று நிமிட ஹோவருக்கு 21.5 போகும். மிச்சம் 67. இறக்கையில் பறக்க எவ்வளவு வேண்டும்? நின்ற ப்ரொப்பெல்லரும் பூமும் இழுக்கும் குவாட்பிளேனுக்கு லிஃப்டுக்கும் (தூக்கும் விசை) டிராகுக்கும் (காற்றின் இழுவை) உள்ள விகிதம் 7 என்று வைப்பதே நேர்மை. அப்படியானால் மின்னணுக் கருவிகளோடு சேர்த்துச் சுமார் 150 வாட், 27 நிமிடம். முழுக்க ஹோவர் செய்தால் இதே பேட்டரி 12 நிமிடம்தான்.

ட்ரான்சிஷனில் ஹோவரும் புஷரும் சேர்ந்து 830 வாட். வோல்ட் 21க்குச் சரிந்தால் 40 ஆம்ப். காற்று அடித்தால் ஒரு நொடிக்கு 60. நல்ல லைப்போ இதைச் சிரமமில்லாமல் தரும். 21700 லித்தியம் அயன் செல் 12 வாங்கி 6எஸ் 2பி (இரண்டிரண்டாக இணைத்து ஆறு வரிசை) கட்டினால் ஆற்றல் கூடும், எடையும் 900 கிராமை எட்டும். ஆனால் பறப்பின் கடைசியில், பாதி காலியான செல்கள் 40 ஆம்ப் கொடுக்கும்போது வோல்ட் சரிவு பெரிதாக இருக்கும். இறங்கும் ஹோவர் வருவதும் அப்போதுதான். லித்தியம் அயன் எடுத்தால் 35 விழுக்காடு மிச்சமிருக்கும்போதே திரும்பச் சொல்லுங்கள்.

ஈஎஸ்சியை உடலுக்குள் அடைக்காமல் பூமில் மோட்டாருக்குக் கீழே வையுங்கள், ப்ரொப்பெல்லர் காற்றே குளிர்விக்கும். அப்படி வைத்தால் பேட்டரிக் கம்பி நீளும், அதனால் வோல்ட் துள்ளும். ஒவ்வொரு ஈஎஸ்சியின் வாயிலும் 50 வோல்ட், 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். குறைந்த உள்தடை உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள். சிம் லிம் டவரில் பாகக் கடைகளில் ஏறி இறங்கிப் பார்க்கலாம். ஃப்ளைட் கன்ட்ரோலருக்கும் சர்வோவுக்கும் தனித்தனி பெக் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் மின்சுற்று). சர்வோ ஒன்று சிக்கி மின்சாரத்தை இழுத்தால் கன்ட்ரோலர் அணையக்கூடாது.

ஏர்ஸ்பீடு சென்சார்

ட்ரான்சிஷன் முடிந்ததா என்று ட்ரோன் முடிவெடுப்பது இந்தச் சின்னக் குழாயை நம்பித்தான். 12 மீட்டர் வேகத்தில் அது அளக்கும் அழுத்தம் 83 பாஸ்கல்தான். 20 பாஸ்கல் பிசகினால் 12 என்பதை 13.4 என்று காட்டும். ஸ்டாலுக்கு அரை மீட்டர் தள்ளி நின்றுகொண்டு எல்லாம் சரி என்று நினைக்கும். குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுவந்து உடனே பறக்கவிடும்போது இந்தப் பிசகு வரும், சென்சாரின் பூஜ்யம் வெப்பத்தோடு நகர்வதால். வெளியே வைத்து, மின்சாரம் கொடுத்து, பத்து நிமிடம் விட்டு, பிட்டோ குழாயின் வாயைத் தளர்வாக மூடி, பூஜ்யத்தைத் திரும்ப எடுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு மெதுவாக ஊதி எண் ஏறுகிறதா என்று பாருங்கள். மழைத்துளியும் பூச்சிகளும் குழாயை அடைக்கும். பறக்காத நேரமெல்லாம் உறை போட்டே வையுங்கள்.

ரேடியோவும் ரிமோட் ஐடியும்

915 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கும் டெலிமெட்ரி ரேடியோக்கள் பெரும்பாலும் 915 முதல் 928 வரை தாவும்படி வருகின்றன. இங்கே அனுமதியுள்ள பட்டை 920 முதல் 925. கீழ் மேல் எல்லைகளை இரு பக்க ரேடியோவிலும் மாற்றுங்கள், ஒன்றில் மட்டும் மாற்றினால் பேசிக்கொள்ளாது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன் வெளியே பறக்க 2025 டிசம்பர் 1 முதல் ரிமோட் ஐடி ஒலிபரப்புக் கருவி கட்டாயம். கார்பன் தகட்டுக்குக் கீழே அதைப் புதைக்காதீர்கள், சிக்னல் வெளியே வராது.

மென்பொருளில் மாற்றியே ஆக வேண்டியவை

ஆர்டுபைலட்டில் விமானமாகத் திரும்பி வரும் உயரம் தொடக்கத்தில் 100 மீட்டர் என்றே இருக்கும். அதை மாற்றாமல் விட்டால், சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகவே 61 மீட்டர் எல்லையைத் தாண்டி ஏறும். எல்லை கடல் மட்டத்திலிருந்து என்பதையும் மறக்காதீர்கள். திடல் 15 மீட்டர் மேட்டில் இருந்தால் தலைக்கு மேல் மிஞ்சுவது 46 மீட்டர். திரும்பும் உயரத்தை 35 என்றும் வேலியின் (ட்ரோன் தாண்டக்கூடாத எல்லை) உச்சத்தை 42 என்றும் வைத்தால் காற்றில் மேலெழும் சில மீட்டருக்கும் இடம் இருக்கும்.

குறைந்தபட்ச ஏர்ஸ்பீடு 14. அசிஸ்ட் வேகம் 12.5. இதற்குக் கீழே போனால் தூக்கும் மோட்டார்கள் தாமாக உதவிக்கு வரும். ஸ்டால் வேகத்துக்குக் கீழே இதை வைத்தால் பயனில்லை. 14க்கு மிக அருகில் வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் மோட்டார்கள் விழித்து பேட்டரியைக் கரைக்கும். ட்ரான்சிஷன் தோல்விக்கான நேரம் 15 வினாடி. அதற்குள் வேகம் வராவிட்டால் முயற்சியை விட்டு, ஹோவரிலேயே இறங்கட்டும்.

ஹோவரில் காற்றை எதிர்த்து நிற்க மூக்கைத் தாழ்த்தினால் இறக்கை ட்ரோனைக் கீழே அமுக்கும். குவாட்காப்டர் பழக்கத்தில் வருபவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மூக்கைத் தாழ்த்தாமல் புஷரைக் கொண்டே இடத்தைப் பிடிக்கும் அமைப்பை இயக்குங்கள். மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பும் அமைப்பையும் சேர்த்து இயக்குங்கள்.

சோதனை

முதலில் ப்ரொப்பெல்லர் இல்லாமல். ஒவ்வொரு மோட்டாரின் வரிசை, சுழற்சி, ஏலரான் (இறக்கை மடல்), எலிவேட்டர் (வால் மடல்) திசை. ட்ரோனைக் கையில் சாய்த்து, எதிர்த்துத் திருத்துகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வெறும் ஹோவர், இரண்டு நிமிடம், 3 மீட்டர் உயரம். இறக்கியதும் மோட்டாரைத் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் ப்ரொப்பெல்லர் பெரிது அல்லது மோட்டார் சிறிது. லாகில் (பறப்புப் பதிவில்) மூன்றைப் பாருங்கள். முன் பின் மோட்டார் வெளியீடு 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் பேட்டரியை நகர்த்துங்கள். கடிகாரத் திசை ஜோடிக்கும் எதிர் ஜோடிக்கும் வேறுபாடு இருந்தால் ஏதோ ஒரு மோட்டார் கோணலாக இருக்கிறது. லாக் காட்டும் அதிர்வு எண் 30க்குக் கீழே இருக்க வேண்டும், 60ஐத் தொட்டால் பறக்கவே கூடாது. ஹோவரில் மோட்டார் நிமிடத்துக்கு 5,200 சுற்று என்றால் வினாடிக்கு 87 சுழற்சி, நாட்ச் ஃபில்டரை (அந்த அதிர்வை வடிக்கும் அமைப்பு) அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு அந்தரத்தில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும். ஏர்ஸ்பீடு எண்ணை ஜிபிஎஸ் வேகத்தோடு, காற்றையும் கணக்கில் எடுத்து, ஒப்பிடுங்கள். இது பொருந்தும்வரை ட்ரான்சிஷன் வேண்டாம்.

முதல் ட்ரான்சிஷனுக்கு நல்ல நேரம் காலை, காற்று சீராக எதிரே வரும்போது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ப் புயல் வரக்கூடும், ஆகவே கிளம்பும் முன் மழை ரேடாரைப் பாருங்கள். 35 மீட்டர் உயரத்தில் நேராக எதிர்க்காற்றில் தொடங்குங்கள். திருப்பம் கொடுக்காதீர்கள். வேகம் 14ஐத் தாண்டி 5 வினாடி கழிந்து தூக்கும் மோட்டார்கள் நின்றதும் மெதுவாக ஒரே ஒரு வட்டம், பிறகு ஹோவர், இறக்கம். அன்றைக்கு இரண்டாவது முறை ஏற்றாமல் லாகைத் திறந்து, ட்ரான்சிஷனில் வோல்ட் எந்த அளவுக்குச் சரிந்தது, உயரம் எத்தனை மீட்டர் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். உயரம் 5 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் குறைந்தபட்ச ஏர்ஸ்பீடை 15க்கு ஏற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.